முப்பதால் பிரித்த சம்பளம்

யுத்தம் முடிந்து ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மருதமுனை ஜவுபர் தன் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில், ஒரு செருப்பு வாசலிலும் மற்றது கூடத்துக்குள்ளும் போய் விழுந்தது.

“நப்லா! அந்தக் கல்குலேட்டர எடு! இவனுகள் நம்மளப் பேயனெண்டு நினைச்சிட்டானுகள்!”

அவருடைய மூக்கு நுனி சிவந்திருந்தது. பின்னே சிவக்காதா? சுனாமிக்கு வீடு கட்டிக் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் கிட்டத்தட்ட ஐந்து வருசமாக சைட் சூப்பர்வைசர். மாதச் சம்பளம் முப்பத்து மூவாயிரம். இப்போது திட்டம் முடிகிறதாம், அடுத்த மாதத்திலிருந்து நாட்சம்பள ஒப்பந்தமாம். நாளொன்றுக்கு ஆயிரத்து நூறு ரூபாய். ‘சம்பளத்தில் மாற்றமில்லை’ என்று வேறு கடிதத்தில் அடித்திருந்தார்கள். முப்பத்து மூவாயிரத்தை முப்பதால் பிரித்தால் ஆயிரத்து நூறுதானே! முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலை. நாளைக் காலைக்குள் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும்.

“முப்பதால பிரிக்கேலா. இருவத்தாறால பிரிக்கோணும். ஆயிரத்தி இருநூத்தி எழுவது கேக்கப் போறன்” என்றார் ஜவுபர், பெரிய கண்டுபிடிப்பைப் போல.

மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி நப்லா கையைத் துடைத்துவிட்டு வந்தாள். “இருவத்தாறு நாளா? வெள்ளிக்கிழமை சைட்ல ஆரு இரிக்கி?”

“வெள்ளிக்கிழமை மேசன்மார் வாறல்லயே.”

“ஞாயித்துக்கிழமை?”

“ஸ்டோர் பூட்டு. சீமெந்து எடுக்கேலா.”

“மறுகா எங்கால இருவத்தாறு?”

ஜவுபர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நம் ஊருக்கு வெள்ளி லீவு, கொழும்பு அலுவலகத்துக்கு ஞாயிறு லீவு. கிழமைக்கு ஐந்து நாள்தான் வேலை நடக்கிறது என்பது மாதச் சம்பளக்காரனுக்கு ஏன் தெரியப் போகிறது? மாதம் முடிந்தால் சல்லி வந்துவிடும். நாட்சம்பளக்காரனுக்குத்தான் ஒவ்வொரு வெள்ளியும் வயிற்றில் அடிக்கும்.

இருவரும் குந்தியிருந்து கணக்குப் பார்த்தார்கள். முந்நூற்று அறுபத்தைந்தில் வெள்ளியும் ஞாயிறும் நூற்று நாலு. பௌர்ணமிப் போயா லீவும் பெருநாளுமாக இன்னும் பதினைந்து. மாரி மழையில் கொங்கிறீற் போட முடியாத நாள் குறைந்தது முப்பத்தாறு. மிச்சம் இருநூற்றுப் பத்து நாள்.

“அல்லாஹ்வே! வருசத்தில அரைவாசிக்குக் கொஞ்சம்தான் கூட!” என்றாள் நப்லா.

மற்றப் பக்கம் வருசச் சம்பளம் மூன்று இலட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம். அவர்கள் ஜவுபரின் பெயரில் கட்டுகிற சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் ஐம்பத்தொன்பதாயிரத்து நானூறு. விலகும்போது கிடைக்க வேண்டிய பணிக்கொடையில் வருசத்துக்கு அரை மாதச் சம்பளம். எல்லாம் கூட்டி இருநூற்றுப் பத்தால் பிரித்தபோது விழுந்தது இரண்டாயிரத்து இருநூற்று நாற்பத்தேழு.

“பகல் கொள்ளை! அரைவாசியத் திண்டுபோட்டு மாற்றமில்லையெண்டு எழுதுறானுகள்!” ஜவுபரின் சத்தத்தில் அடுத்த வளவு நாய் குரைத்தது.

காலையில் அந்தக் கணக்குத் தாளோடு மனேஜர் இன்ஸாப்பின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். இன்ஸாப் சம்மாந்துறைப் பொடியன், படித்தவன், ஜவுபரை மூத்தவராக மதித்துக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். தாளை இரண்டு தரம் வாசித்தான்.

“கணக்கு சரிதான் காக்கா. ஆனா இந்தச் சல்லிக்கு நான் ரெண்டு பேர எடுப்பன்.”

“எடு! தூக்குக்குண்டு பிடிக்கத் தெரியாத ரெண்டு பேர எடு! செவர் விழுந்தா ஒன்ட தலையிலயா விழப் போகுது?” ஜவுபர் மேசையில் ஓங்கி அடித்தார். “மனுசன்ட வயித்தில அடிக்கிற இந்த முப்பதுக் கணக்க ஒனக்குச் சொல்லித் தந்தவன் ஆருடா? அந்த நன்றிகெட்டவன்ட பேரச் சொல்லு!”

இன்ஸாப் எழுந்தான். அலுமாரியிலிருந்து ஒரு பழைய பைலை எடுத்து, ஒரு பக்கத்தை விரித்து, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் கடிதம். ‘கலவை மெசின் தங்கராசா உட்பட பதினொரு பேரின் மாதச் சம்பளத்தை முப்பதால் பிரித்து நாட்சம்பளமாக மாற்றலாம். மழை நாட்களுக்குக் கொடுக்கத் தேவையில்லை. சம்பளத்தில் மாற்றமில்லை.’ கீழே ஜவுபரின் கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் தலைமை அலுவலகம் சிவப்பு மையில் ‘நல்ல யோசனை’ என்று எழுதியிருந்தது. அந்த வருசம்தான் அவருக்கு மூவாயிரம் சம்பளம் கூடியது.

“நான் வந்த புதுசில உங்கட பைல் பாத்துத்தான் காக்கா வேலை பழகின” என்றான் இன்ஸாப். குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னான்.

ஜவுபருக்குப் படிக்கிற பெண்பிள்ளைகள் இரண்டு பேர். ஊரில் இருந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தன. பேனையை வாங்கி, ஆயிரத்து நூறு என்ற இடத்துக்குக் கீழே கையெழுத்து வைத்தார். கோபம் போகவில்லை. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வெளியே பாண்டிருப்புத் தங்கராசா கலவை மெசினைக் கழுவிக்கொண்டிருந்தான். விசயம் அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

“என்ன சேர், கூட்டித் தந்தானுகளா?”

“இல்ல.” ஜவுபர் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “தங்கராசா, ஒங்கள நாட்சம்பளத்துக்கு மாத்தச் சொல்லி எழுதினது நான்தான்.”

“தெரியும் சேர். கடிதம் காட்டித்தானே ஒப்பம் வாங்கினாங்க. உங்கட எழுத்து எனக்குத் தெரியாதா?” தங்கராசா வாளித் தண்ணீரை மெசினுக்குள் ஊற்றினான். “அந்த மாரிக்குத்தான் பெஞ்சாதிட தோடு அடகுக்குப் போனது, இன்னும் மீளல்ல. எனக்கும் உங்களப் போலத்தான் கோவம் வந்த. எங்கயோ பிழையெண்டு விளங்கினது, எங்கயெண்டு பிடிக்கத் தெரியல்ல. ஆருட்டயும் கேப்பமெண்டா, கணக்குத் தெரிஞ்சவர் இஞ்ச நீங்க ஒராள்தானே சேர் இருந்தீங்க.”