ஆட்டுக்கு நிற்கும் கிடை

முனீஸ்வரிக்கு ஞானதுரையைக் கண்டாலே வயிறு எரியும். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். இவள் கிராம சுகாதார நர்ஸ், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவள். அவர் கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர், ஆடுகளுக்குப் போடுகிறவர். ஊர் அவரைத் தேடிப் போகிறது, இவள் ஊரைத் தேடிப் போகிறாள்.

அதிலும் இந்தக் கிடைக்காரர்கள் இருக்கிறார்களே! அறுப்பு முடிந்ததும் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, வன்னியம்பட்டி வயல்களில் உரத்துக்காக அவற்றை ராத்திரி அடைத்துக் கிடை போடுவார்கள். ஒரு வயலில் ரெண்டு மூணு ராத்திரி, பிறகு அடுத்த வயல். எந்த வயல் என்று ஞானதுரைக்கு மட்டும் போன் வந்துவிடும். முனீஸ்வரி ஐஸ் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு ஆட்டுப் புழுக்கையைப் பார்த்துப் பார்த்து அலைய வேண்டும்.

கண்டுபிடித்தாலும் கிடைக்காரி பாலம்மாள் தன் கைப்பிள்ளையைக் காட்ட மாட்டாள். பிறந்து நாலு மாதம், ஓர் ஊசிகூடப் போடவில்லை. பக்கத்துக் கிடையில் ஒரு கைக்குழந்தை கக்குவான் இருமலில் மூச்சுத் திணறி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதைச் சொல்லியும், "அடுத்த வாரம் பாப்போம் நர்சம்மா" என்றுதான் பதில்.

அந்தப் புதன்கிழமை போனால், அங்கே ஞானதுரை டீ குடித்துக்கொண்டிருந்தார். கிடைத் தலைவர் சமுத்திரமே ஆடுகளைப் பிடித்துக் கொடுத்தார். ஒரு குட்டியை இடுக்கிக்கொண்டு வரிசையில் பாலம்மாளும் நின்றாள். முனீஸ்வரிக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏட்டி, ஆட்டுக்கு ஊசின்னா ஓடியாந்து நிக்கே, பெத்த புள்ளைக்குன்னா ஒளிக்கே. ஆட்டை விடப் புள்ள எளப்பமா போச்சா?"

பாலம்மாள் குட்டியைக் கீழே விட்டாள். "ஆட்டுக்கு ஊசி போட்டா மறுநா நடத்தக் கூடாதுன்னு அவிய சொல்லுதாவ, கிடை நிக்குது. எம்புள்ளைக்குப் போட்டுக் காச்சல் வந்தா கிடை நிக்குமா? மூத்தவளுக்குப் போட்டுட்டு, கொதிக்கிற உடம்போட வெயில்ல தூக்கிட்டு நடந்தேன். வழியெல்லாம் அழுதா."

முனீஸ்வரிக்கு இதுவரை ஞானதுரை மேல் இருந்த பொறாமை இப்போது ஆடுகள் மேலேயே வந்தது.

"நாளைக்குக் கிடை நிக்கும்லா? அப்ப இப்பவே புள்ளையக் குடு."

முதல் ஊசி அன்றே போட்டாயிற்று. காய்ச்சலுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தாள்.

நாலு வாரத்தில் அடுத்த தவணை. அப்போது ஆட்டுக்கு ஊசி இல்லை. ஒரு நாள் கூடுதலாக நிற்கும்படி சமுத்திரத்திடம் கெஞ்சினாள்.

"அடுத்த வயக்காரவர்ட்ட வாக்குக் குடுத்தாச்சு நர்சம்மா. ஆட்டுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, பொறவு எதுக்கு நிக்கணும்?"

வேறு வழியில்லை. யார் முகத்தில் விழிக்கப் பிடிக்காதோ அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஆட்டுக்குக் குடல்பூச்சி மருந்து குடுக்கணும்னு சொன்னீயளே, அதை இந்தப் புதனுக்கு மாத்துவீயளா?"

"எதுக்கும்மா?"

"ஒரு புள்ளைக்காகக் கிடை நிக்கணும்."

ஞானதுரை பெட்டியைத் திறந்து மருந்து இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு சமுத்திரத்துக்குப் போன் போட்டு, மருந்து கொடுத்த மறுநாள் ஆடுகளை நடத்த வேண்டாம் என்றார். அவ்வளவுதான், கிடை நின்றுவிட்டது. புதனன்றே பிள்ளைக்கு ரெண்டாவது ஊசியும் போட்டாயிற்று.

வியாழக்கிழமை காலையில் முனீஸ்வரி போய்ப் பார்த்தாள். வேப்பமரத் தொட்டிலில் பிள்ளை லேசான சூட்டோடு தூங்கியது. ஆடுகள் நிழலில் படுத்து அசை போட்டன. சமுத்திரம் ஞானதுரையைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்.

அவளுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும். மூன்றாம் தவணைக்கு ஆட்டுக்கு என்ன மருந்து இருக்கிறது என்று கேட்க, ஞானதுரை வீட்டுப் பக்கம் ஸ்கூட்டியைத் திருப்பினாள்.