இடம் தள்ளினால் வலம் போகும் பெட்டி

அன்ரன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்த நேரம் நான் கடையில் நின்று வாயளந்துகொண்டிருந்தேன். மன்னாருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவர், வீடியோ கேம் சண்டை விளையாட்டுகளுக்குக் கேம்பேட் நல்லதா, ஆர்கேட் ஸ்டிக் நல்லதா என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்டுவிட்டால் ஆள் சுலபத்தில் தப்ப முடியாது. தேநீருக்குச் சொல்லிவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினேன். போன் அடித்தது. பள்ளிமுனையிலிருந்து பிரான்சிஸ், அன்ரன் அண்ணையின் மனைவியின் தம்பி. "கேதீஸ் அண்ணை, அத்தான் எங்களை விட்டிட்டுப் போயிட்டார்" என்றான். விடியப்புறம் நெஞ்சு நோகுது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். ஐம்பதைக்கூடத் தொடாத மனிதர். நான் போனைக் கையில் வைத்தபடி நின்றேன். வங்கிக்காரர், "அப்ப எது நல்லது?" என்று திரும்பவும் கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும். கடையைப் பூட்டிக்கொண்டு பள்ளிமுனைக்குப் போனேன்.

என் கடைப் பின்னறையில் ஞாயிறு பின்னேரங்களில் கூடுகிற உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அன்ரன் அண்ணை பள்ளிமுனைக் கடற்றொழிலாளி. சொந்த வள்ளம், சொந்த இஞ்சின். நான் உயிலங்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை, டவுனில் போன் திருத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிமுனையில் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்து, அங்கத்தைய ஆட்கள் சிலர் என் பின்னறைக்கு வருவார்கள். அங்கே ஒரு பழைய பெரிய டிவி, ஒரு கேம் மெஷின், இருக்கப் பிளாஸ்டிக் கதிரைகள். திரையில் இரண்டு பேர் அடிபடுவார்கள். அதைச் சுற்றி இருந்து நாங்கள் எல்லோரும் வாயால் அடிபடுவோம்.

எங்கள் பெரிய சண்டை கேம்பேட்டா ஸ்டிக்கா என்பதுதான். கேம்பேட் இரண்டு கைக்குள்ளும் அடங்கிவிடும். ஆளை நகர்த்துவது இடது பெருவிரல். ஸ்டிக் என்பது மடியில் வைத்து விளையாடும் பெட்டி. இடது கைக்கு ஒரு தடி, வலது கைக்குப் பொத்தான்கள். ஆளை நகர்த்துவது முழுக் கை. வயற்பக்கத்து ஆட்கள் கேம்பேட்டுக்கும் கடற்கரை ஆட்கள் ஸ்டிக்குக்கும் பிறந்தவர்கள் என்பது என் சித்தாந்தம். நாங்கள் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினை இரண்டு கையாலும் பிடித்து உழுகிறவர்கள், அவர்கள் இஞ்சின் கைபிடியை ஒரு கையால் பிடித்துக் கடலுக்குப் போகிறவர்கள். இதை நான் சொல்லும்போதெல்லாம் அன்ரன் அண்ணை, "கேதீஸ், நீர் கடைசியா வயலுக்கை இறங்கினது எப்ப?" என்று கேட்பார். அதோடு என் சித்தாந்தம் படுத்துவிடும்.

அவர் முதன்முதல் வந்தது கடலில் விழுந்த போனைத் தூக்கிக்கொண்டு. நான் அதைக் கழற்றிக் காயவைத்துக்கொண்டிருக்க, பின்னறையில் கேட்ட சத்தத்துக்கு மெல்ல உள்ளே போய்விட்டார். விலைப்படாமல் கிடந்த ஒரு ஸ்டிக் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இது எங்கட இஞ்சின் கைபிடியின்ர தம்பியார் போலக் கிடக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று பொழுதுபடும்வரை எழும்பவேயில்லை. போன் பிழைத்துவிட்டது என்று நான் போய்ச் சொன்னபோது, "எந்தப் போன்?" என்று கேட்டவர் அவர்.

ஆனால் ஒரு விசித்திரம். நிதானமாக இருக்கும்போது அழகாக விளையாடுவார். அடி வருகிற கணத்தில் மட்டும் எல்லாம் பிழையாகும். இந்த விளையாட்டில் எதிரி அடிக்க வந்தால் ஸ்டிக்கை எதிரியை விட்டு விலகும் பக்கமாக இழுக்க வேண்டும், அப்போதுதான் அடியைத் தடுக்கலாம். எதிரி தலைக்கு மேலால் பாய்ந்து மற்றப் பக்கம் விழுந்தால், அதே மூச்சில் கையையும் மற்றப் பக்கம் எறிய வேண்டும். அன்ரன் அண்ணை நேரே போய் அடிக்கு முகம் கொடுப்பார். "அண்ணை, ஏன் அடியைத் தேடித் தேடிப் போறியள்?" என்று கேட்டுக் கேட்டு நாங்கள் களைத்துப்போனோம். ஒருநாள் அவர் விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிழை எனக்கில்லை. இது வள்ளத்தின்ர கை" என்றார். இஞ்சின் கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம். பதினாறு வயதிலிருந்து அந்தக் கை அப்படித்தான் பழகியிருந்தது. யோசிக்க நேரம் இருந்தால் மூளை சொன்னதைக் கேட்கும். நேரம் இல்லாவிட்டால் கடல் சொன்னதைத்தான் கேட்கும்.

பழகினால் சரிவரும் என்றோம். அவரும் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துப் பழகினார். மனைவி யசிந்தாக்கா, "வலை கிழிஞ்சு கிடக்கு, மனுசன் பெட்டியோட கிடக்கு" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். இரண்டொரு மாதத்தில் கை மாறிவிட்டது. அடி வந்தால் சரியான பக்கம் இழுத்தார். எங்களில் பாதிப் பேரை வென்றார். எனக்குக்கூட வியர்த்தது. பின்னறை அவரைக் கொண்டாடியது.

பிறகு இரண்டு ஞாயிறு அவரைக் காணவில்லை. வந்த அன்று பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"கேதீஸ், இதை ஆருக்காவது குடுத்துவிடும்."

"ஏன் அண்ணை, அக்கா பேசிறாவோ?"

"அவ எப்பவும் பேசிறவதானே. இது வேற."

கரைக்கு வரும்போது இன்னொரு வள்ளம் திடீரென்று குறுக்கே வந்திருக்கிறது. அவர் கை யோசிக்காமல் தள்ளியது. ஆனால் ஸ்டிக்கில் பழகிய பக்கமாய்த் தள்ளியது. வள்ளம் விலகாமல் அந்த வள்ளத்தை நோக்கியே திரும்பிவிட்டது. கடைசி நேரத்தில் சமாளித்தும் விளிம்போடு விளிம்பு உரசி, முன்னால் இருந்த பிரான்சிஸ் விழுந்து விலாவில் அடி. "விலா நோவு மாறிவிடும். அவன் கடலுக்கை விழுந்திருந்தால் நான் என்ர மனிசிக்கு என்ன சொல்லுறது? ஒரு கைக்கு ரெண்டு சட்டம் சரிவராது" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவருக்கு விளையாட்டு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வள்ளத்தில் தன்னோடு வருகிறவர்களின் உயிரை அவர் எப்படி நினைத்தார் என்பதும் அன்றுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது.

எனக்கோ உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம். இதோ கேம்பேட்டுக்கு ஆள் சேர்க்க நேரம் வந்துவிட்டது. "அண்ணை, கேம்பேட்டுக்கு வாங்கோ. பெருவிரல்தானே வேலை செய்யப்போகுது, கை கடலுக்கே இருக்கட்டும்" என்றேன். அவர் மறுக்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்க என் கேம்பேட்டை வைத்துப் போராடினார். கயிறு இழுத்து இழுத்துத் தோல் தடித்த பெருவிரல் அது. எந்தப் பக்கம் அழுத்துகிறோம் என்பதே அதற்குத் தெரியவில்லை. "என்ர பெருவிரலுக்குக் காது கேக்காது" என்று சொல்லிவிட்டுக் கேம்பேட்டைத் திருப்பித் தந்தார். நான் தேநீர் ஊற்றினேன். அவர் மேசையில் கிடந்த பெட்டியைத் தட்டிக்கொண்டே, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். திறந்து காட்டினேன். இடத்துக்கு ஒரு கம்பி, வலத்துக்கு ஒரு கம்பி.

"இந்த ரெண்டையும் மாத்திப் பூட்டினால் என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணை, பிறகு உங்கட பெட்டியில வேற ஒருத்தரும் விளையாடேலாது."

"என்ர வள்ளத்தையும் வேற ஒருத்தரும் ஓட்டுறேல்லைத்தானே."

தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அதன்பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். இடம் தள்ளினால் ஆள் வலம் போகும், வலம் தள்ளினால் இடம் போகும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராக விழுத்தினார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வீரர், பெட்டியில்தான் ஏதோ விசேஷம் என்று கேட்டு வாங்கி விளையாடி, தன் ஆளை மூலைக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு முழித்தது நினைவிருக்கிறதா? நான் அன்ரன் அண்ணைக்கு எதிரே இருந்து விளையாடும்போது திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்த நாட்கள் உண்டு. அவ்வளவு பெரிய கை, மணிக்கட்டு அசைவதுகூடத் தெரியாது. தோற்கிறேன் என்ற நினைப்பே எனக்கு வராது. இப்படி ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்க்கக் கிடைத்ததே என்றுதான் தோன்றும்.

இனி நான் சொல்லப்போவது பின்னறையில் நடந்ததல்ல. பிரான்சிஸ் சொல்லக் கேட்டது. போன வருடத்துக்கு முந்தைய வருடம், சோளகக் காற்று அடிக்கிற காலம். வள்ளம் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வேகமாகக் கரைக்கு வருகிறது. வெயில் முகத்துக்கு நேரே, தண்ணீர் முழுக்க மினுக்கம். கடலட்டை எடுக்கிற சுழியோடி ஒருவன் அந்த இடத்தில் மூழ்கியிருக்கிறான் என்பதற்கு ஓர் அடையாளமும் மேலே இல்லை. திடீரென்று முன்பக்கத்தில், வலது கைப்பக்கமாக, ஒரு தலை மேலே வந்தது. முன்னால் இருந்த பிரான்சிஸ் வாய் திறந்தான். சத்தம் வருவதற்குள் வள்ளம் திரும்பிவிட்டது. அவன் தூக்கி எறியப்பட்டு அடித்தட்டில் விழுந்தான்.

அது முதல் தள்ளு. வள்ளத்தின் முன்பக்கம் தலையை விட்டு விலகிவிட்டது. ஆனால் முன்பக்கம் ஒரு பக்கம் திரும்பினால் பின்பக்கம் மற்றப் பக்கம் எறியும். பின்பக்கத்தில்தான் இஞ்சினின் விசிறி சுற்றுகிறது. முன்பக்கத்துக்குத் தப்பியவன் விசிறியில் வெட்டுப்படுவான். கடலில் அப்படி நடந்திருக்கிறது என்று பிரான்சிஸ் சொன்னான். அன்ரன் அண்ணையின் கை அதே மூச்சில் கைபிடியை எதிர்ப்பக்கம் எறிந்தது. பின்பக்கமும் விலகியது. இஞ்சின் நின்றது. திரும்பிப் பார்த்தால் தலை தண்ணீருக்கு மேலே அப்படியே இருக்கிறது, இருமிக்கொண்டு. ஜூட் என்ற பெடியன். அப்போதுதான் அவனுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள்.

அடுத்த நாள் ஜூட்டின் தாய் வந்து அன்ரன் அண்ணையின் இடது கையைப் பிடித்து முத்தமிட்டிருக்கிறார். இவர் கூச்சத்தில் கையை உருவப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா விடவில்லையாம். இதையெல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது நான், "அண்ணை, உங்கட அனுபவம் பெரிது" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"அனுபவம் எண்டால் முதல் தள்ளு, கேதீஸ். அது எங்கட ஊரில எல்லாருக்கும் வரும். ரெண்டாவது தள்ளு எனக்கு இஞ்சை, உம்மட பின்னறையில வந்தது."

சொல்லிவிட்டுப் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "வாரும், உம்மட கேம்பேட்டை எடும்" என்றார். என்னால் விளையாட முடியவில்லை. பிழையான பக்கம் பழகிய கையோடு அவர் அன்று கடலில் இருந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை. ஸ்டிக்கா கேம்பேட்டா என்று நான் இத்தனை காலம் கத்தியது விளையாட்டைப் பற்றி. அவர் அந்தக் கேள்விக்கு விடை தேடியது ஓர் உயிரும் தன் கையால் போகக் கூடாது என்பதற்காக. ஒரு மனிதன் தனக்குப் பிடித்ததையும் விடாமல், தன்னை நம்பி வந்தவர்களையும் விடாமல், இரண்டையும் ஒரே கையில் கொண்டுவந்து சேர்த்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த வியப்பு எனக்கு இன்றைக்கும் அடங்கவில்லை.

அடக்கத்தன்று கோவிலிலிருந்து சேமக்காலைக்குச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் ஜூட்டும் ஒருவன். நான் அவனுக்குப் பின்னால் நடந்தேன். பாதை முழுக்க அவன் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். முடி வெட்டி, எண்ணெய் தடவி, வடிவாக வாரியிருந்தான். செபம் சொல்லும் சத்தம் சுற்றிலும் கேட்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அதுவரை வரவில்லை.

அவருடைய ஸ்டிக் வீட்டில் யசிந்தாக்காவிடம் இருக்கிறது. அது அங்கேதான் இருக்க வேண்டும். என்னிடம் அவருடைய படம்கூட ஒன்றும் இல்லை. ஆனால் காலைகளில் நான் கடை திறக்கிற நேரம் ஜூட் மோட்டார் சைக்கிளில் இந்த வீதியால் போகிறான். முன்னால் அவனுடைய மகள் இருப்பாள், இன்னும் பேச்சு வராத குழந்தை. ரோட்டில் நிற்கிற எல்லோருக்கும் கை காட்டுவாள். எனக்கும் காட்டுவாள். அன்ரன் அண்ணை எனக்கு விட்டுப்போனது என்ன என்று நீங்கள் யாராவது கேட்டால், காலையில் கடைக்கு வாருங்கள். அந்தப் பிள்ளையைக் காட்டுகிறேன்.