என்னை ஆராய்ச்சி செய்த நாத்தனார்

அந்தக் குரல்பதிவுக் கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மிக்ஸிக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, என் நாத்தனார் பலகையை இழுத்துப் போட்டு உட்காருவாள். உட்கார்ந்ததும் முகமே மாறிவிடும். அதுவரை "அண்ணி, இன்னொரு தோசை முறுகலா ஊத்துங்க" என்று கொஞ்சிக்கொண்டிருந்தவள், வில்லேஜ் ஆபீஸ் கிளார்க் மாதிரி ஆகிவிடுவாள். தேதி சொல்வாள், நேரம் சொல்வாள், பிறகு ஜெர்மனில் என்னிடம் கேள்வி கேட்பாள். நான் கரண்டியும் கையுமாகப் பதில் சொல்ல வேண்டும். எட்டு மாதம் நடந்தது இந்தக் கூத்து. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மா கொழுந்து கிள்ளினாள், அப்பா தேயிலை ஃபாக்டரியில் இருந்தார். நர்சிங் முடித்துப் பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அங்கே கை ஒடிந்து வந்த ஒரு தென்னந்தோப்புக்காரருக்குக் கட்டுப் போட்டு, கடைசியில் அவரையே கட்டிக்கொண்டு கொழிஞ்சாம்பாறைக்கு வந்தேன். அவருடைய தங்கைதான் இவள். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., கூடவே ஜெர்மனும் படித்தவள். வெளிநாடு போக நினைக்கும் நர்சுகள் ஆங்கிலத்தின் வழியாக ஜெர்மன் கற்கும்போது, கதைகள் படித்தால் பேச்சு வளருமா என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. ஆள் தேடி அவள் அலையவில்லை. அடுப்படியிலேயே ஒருத்தி சும்மா கிடைத்தாள்.

எனக்கு அது விளையாட்டு இல்லை. அப்பாவுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்றால் எஸ்டேட்காரர்கள் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் உழைத்தவர்களுக்குப் போக ஒரு சொந்தக் கூரை கிடையாது. ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரி எனக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. குறிப்பிட்ட தேதிக்குள் பி-டூ என்ற ஜெர்மன் மொழிப் பரீட்சையின் நான்கு பகுதிகளிலும் தேற வேண்டும். தேறினால் அப்பா அம்மாவுக்கு மறையூரில் ஒரு வீடு. இல்லையென்றால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே பயந்தேன்.

ஆராய்ச்சி தொடங்கிய அன்று அவள் ஒரு சம்மதபத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கண்ணி. கண்டிப்பாப் படிக்கோணும்."

"நீ சொன்னாச் சரிதான் அம்முணி" என்று நான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

வாரம் ஒரு குட்டிக் கதை கொடுப்பாள். பஸ்ஸில் பாலக்காடு போகவர அதைப் படிப்பேன். மதில் சுவருக்காகச் சண்டை போடும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகள், அப்பாவின் கடையை விற்க மறுக்கும் பெண், இப்படி. படித்து முடித்ததும், "இவங்கள்ல யாரு பண்ணுனது சரி?" என்று கேட்பாள். நான் ஏதோ சொல்வேன். "எனக்கு அப்படித் தோணலீங்களே" என்பாள். "ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி" என்று நான் உடனே அழகான ஜெர்மனில் சொல்லிவிடுவேன். அவள் அடுத்த வாரம் தன் கருத்தை மாற்றிக்கொள்வாள். நானும் கூடவே மாறுவேன். பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். எவ்வளவு சுலபமாகப் பதில் சொல்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

இதில் என் தப்பு என்ன இருக்கிறது? மலையிலிருந்து வந்த மருமகள், அதுவும் காதல் கல்யாணம். குழம்புக்குத் தேங்காய் போதாது என்றால் சரிங்க. பேச்சு இழுவையாக இருக்கிறது என்றால் சரிங்க. சரிங்க சரிங்க என்று சொல்லியேதான் ஐந்து வருஷம் அந்த வீட்டில் குப்பை கொட்டினேன். நான் நல்ல பெண் என்று அத்தை ஊரெல்லாம் சொன்னதும் அதனால்தான்.

கொச்சியில் பரீட்சை. படிப்பது, கேட்பது, எழுதுவது எல்லாம் நன்றாகவே போயின. கடைசியில் பேச்சு. இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து, நகரத்துக்குள் கார்களைத் தடை செய்யலாமா என்று விவாதிக்கச் சொன்னார்கள். எனக்கு ஜோடியாக வந்தவர் தடை செய்ய வேண்டும் என்றார். நான் புன்னகையோடு, "நீங்கள் சொல்வது மிகவும் சரி" என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். தேர்வாளர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் என்ன சொல்ல? ஒத்துப்போய்விட்டோமே! மீதி நேரம் முழுக்க நாங்கள் இருவரும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

மூன்றில் தேறி, பேச்சில் போனேன். ஏன் போனது என்று எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. உச்சரிப்பாக இருக்கும் என்று கண்ணாடி முன் நின்று வாயைக் கோணிக்கொண்டிருந்தேன்.

ரிசல்ட் வந்த நாலாம் நாள், அரிசி டப்பாவின் மேல் அவள் விட்டுப்போன நோட்டு கண்ணில் பட்டது. புரட்டினேன். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஆங்கிலத்தில் ஒரே குறிப்பு: உடனே ஒத்துக்கொள்கிறார். மறுபடி, உடனே ஒத்துக்கொள்கிறார். பக்கம் பக்கமாக அதேதான். பரீட்சைக்கு ஒரு மாதம் முந்தைய தேதியில் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாள்: விவாதிக்க வரவில்லை, பேச்சுத் தேர்வில் இவர் தேறுவது கஷ்டம்.

அவள் தெருவிலிருந்து உள்ளே நுழைந்ததும் நோட்டை அவள் முன் விசிறி எறிந்தேன்.

"ஏன்டி, தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒன் நாக்கு தேஞ்சா போயிருக்கும்? எங்கப்பனும் ஆத்தாளும் தெருவுல நிக்கப் போறாக, நீ உக்காந்து குறிப்பு எழுதுறியாக்கும்!"

அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அத்தை வாளியோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நாத்தனார் நோட்டைக் குனிந்து எடுத்துத் தூசி தட்டினாள்.

"ஆராயறவங்க இடையில திருத்தக் கூடாதுங்கண்ணி. அது சம்மதபத்திரத்துல ரெண்டாம் பக்கத்துல இருக்குதுங்க. படிங்க படிங்கன்னு அன்னைக்கே சொன்னேனுங்களே."

அந்த நேரத்தில் இரண்டாம் பக்கம் பேசுகிறாள்! என்ன ஜன்மம் இது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

மறுநாள் நான் டியூட்டி முடிந்து வந்தபோது அவள் பலகையைப் போட்டுக் காத்திருந்தாள். கருவியைக் காணவில்லை.

"மூணாறு ஒரு ஊருங்களா அண்ணி? குளிரும் அட்டையும். மனுசன் இருப்பானுங்களா அங்க?"

எனக்குச் சுருக்கென்றது. விடவில்லை, வாங்கு வாங்கென்று வாங்கினேன். முடிந்ததும், "இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள். பிறகு, "ஜெர்மன்ல." ஆறு வாரம், தினமும் இதுதான். தென்னையை வெட்டிவிட்டுப் பாக்கு வைக்கலாம் என்பாள், பொண்ணுங்க வேலைக்கே போகக் கூடாது என்பாள், என் சாம்பார் சாம்பாரே இல்லை என்பாள். நான் ஒத்துக்கொண்டால் பலகையைத் தட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வாள். அத்தை என் கணவரிடம், "ஏனப்பா, இவளுக ரெண்டு பேரும் எந்தப் பாசைல சண்டை கட்டறாளுக? நான் யாரு பக்கம் பேசறதுன்னே தெரியலியே" என்று புலம்பினார்.

இரண்டாம் தடவை தேறினேன். கடிதத்தின் தேதி தாண்ட ஒன்பது நாள் பாக்கி இருந்தது. நாலு மாதத்தில் விமானம் ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் அவள் ஆராய்ச்சி படுத்துவிட்டது. சமர்ப்பிக்க வேண்டிய வருஷம் போனது, அடுத்த வருஷமும் பாதி போனது. நானும் சும்மா இருந்தேனா? அங்கிருந்து ஃபோன் போட்டு, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில், "சோம்பேறி, நான் நாடு விட்டு நாடு வந்துட்டேன், நீ இன்னும் அந்தப் பலகைலயே உக்காந்திருக்கியா?" என்று கிண்டலடிப்பேன். கல்யாணப் பேச்சு வந்தபோது, "முதல்ல அதை முடிக்கச் சொல்லுங்க அத்தை, பொறுப்பே இல்லை" என்று புத்திமதி வேறு. அவள் சிரித்துவிட்டு ஃபோனை அத்தையிடம் கொடுத்துவிடுவாள்.

இந்த விடுமுறைக்கு வந்தபோது ஆய்வேடு மேஜைமேல் இருந்தது. போன மாதம்தான் சமர்ப்பித்தாளாம். தடியான நீல அட்டை. என்னைப் பற்றி என்னவெல்லாம் எழுதி மானத்தை வாங்கியிருக்கிறாளோ என்று தேடினேன். மூன்று நர்சுகள் இருந்தார்கள். இருவர் பக்கத்துச் சித்தூர், ஒருத்தி மூணாறு. மூவரும் மணமாகாதவர்கள். நான் போன பிறகு எடுத்த பதிவுகள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு தடவை பார்த்தேன். நான் இல்லை.

"என் எட்டு மாசம் எங்கடி?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டனுங்களே அண்ணி. கை வெச்சதுக்கப்புறம் அதை ஆராய்ச்சின்னு காட்ட முடியாதுங்க. கைடுகிட்ட உள்ளதைச் சொல்லீட்டேன். அவரு எல்லாத்தையும் எடுத்துப்போட்டுட்டு வேற ஆள் பாருன்னுட்டாருங்க."

"இத ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"அப்பவே சொல்லியிருந்தா நீங்க எங்கூட உக்காந்திருக்க மாட்டீங்க."

உண்மைதான். ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒன்றரை வருஷம் அவளைச் சோம்பேறி என்றது என் வாய். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு மூணாறுக்கும் சித்தூருக்கும் பஸ் ஏறி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள், எருமை. அவள் மடித்து வைத்த துணியை எல்லாம் தட்டிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நேற்று மறையூரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். புது வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டதாம், வாசல் கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டாள். நான் ஃபோனை என் நாத்தனாரிடம் கொடுத்து, "நீ சொல்லு" என்றேன்.