கையைத் தூக்காத பிள்ளை

கொக்கு டீச்சர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பள்ளிக்கூட வாட்ச்மேனே, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று கையை விரிப்பார். கடைசி பெஞ்சில் யார் என்ன செய்கிறார்கள் என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவளுக்கும் அதில் வருத்தம் இல்லை. "கொக்குதானே, காக்கான்னு சொல்லாம விட்டாங்களே" என்பாள்.

பள்ளிக்கூடம் மொத்தச் சந்தைக்குப் பின்னால் இருந்தது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சத்தத்தில் பாடத்தை நிறுத்த வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள், கட்டட வேலைக்காக எங்கிருந்தோ வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள், சலவைக்காரர் பிள்ளைகள் என்று ஏழாம் வகுப்பு ஒரு கதம்பம். நாலு பாஷை பேசுவார்கள். ஒரு பாஷைக்காரனுக்கு இன்னொரு பாஷையில் வசவு மட்டும் நன்றாகத் தெரியும்! இதில் டீச்சர் எடுத்ததோ கணக்கு. வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டு மாற்றல் கேட்டு ஓடியிருப்பார்கள்.

இவள் ஓடவில்லை. விடையை முதலில் அவரவர் வீட்டுப் பாஷையில் சொல்லலாம் என்றாள். பக்கத்துப் பிள்ளை அதை எல்லோருக்கும் புரிகிற பாஷையில் எடுத்துச் சொல்ல வேண்டும். இன்னொரு விதியும் வைத்திருந்தாள். கேள்வி கேட்டால் கையைத் தூக்குகிற பிள்ளையைக் கூப்பிட மாட்டாள். தூக்காத பிள்ளையைத்தான் கூப்பிடுவாள். "தூக்கினவனுக்குத் தெரியும்னு எனக்கே தெரியுதே, அவனை எதுக்குக் கேட்கணும்?" என்பது அவள் வாதம். உண்மையான காரணம் அவள் கணவருக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் அவளும் கடைசி பெஞ்சுதான். ஒரு வருஷம் முழுக்க ஒரு வாத்தியாரும் அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பெற்றோரையே வகுப்புக்கு அழைத்துவந்து பாடம் சொல்ல வைக்கலாம் என்பதும் அவள் யோசனைதான். "இது பள்ளிக்கூடமா, சந்தையா?" என்று தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார். "சந்தைக்குப் பின்னாடிதானே சார் இருக்கோம்" என்று சிரித்து மழுப்பிவிட்டு அழைத்தே விட்டாள். முதலில் வந்தவர் ஒரு கொத்தனார். குண்டு கட்டிய தூக்குநூலைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் செங்கோணத்தைக் காட்டினார். அவர் பேசியது வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. அதுவரை வாயே திறக்காத அவர் மகன் எழுந்து நின்று ஒவ்வொரு வாக்கியமாக எடுத்துச் சொன்னான். அன்று திறந்த வாயை அவன் அதன் பிறகு மூடவே இல்லை. இதென்னடா வம்பு என்று டீச்சரே அலுத்துக்கொள்ளும் அளவுக்குப் பேசினான். கொத்தனார் வந்துபோன அன்று டீச்சர் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். மெக்கானிக்கான அவர் கையில் கிரீஸோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு, "என்னையும் கூப்பிடேன்" என்றார். "நம்ம பிள்ளை அங்க படிச்சா கூப்பிடுறேன்" என்றாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதோடு இருவரும் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

"அடுத்து யார் வீட்டிலிருந்து வர்றாங்க?" என்று கேட்டால் போதும், வகுப்பு முழுக்கக் கைகள் எழும்பும். ஒரு கை மட்டும் எழாது.

அந்தப் பெண்ணைப் பூச்சி என்பார்கள். வாயில்லாப் பூச்சி என்று யாரோ சொல்லப் போய், பூச்சி என்றே நிலைத்துவிட்டது. கணக்கில் கெட்டிக்காரி. விடையை எழுதிவிட்டுக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா பஸ் நிலைய ஆபீஸில் வேலை பார்க்கிறாள் என்று தோழிகளிடம் சொல்லியிருந்தாள். அம்மா பஸ் நிலையத்தில் வேலை பார்த்தது உண்மை. ஆனால் அங்கே கழிவறை கழுவுகிற வேலை. இது டீச்சருக்குத் தெரியும்.

தெரிந்துதான் அழைத்தாள். உழைப்பில் என்ன கேவலம், ஒரு தடவை எல்லோர் முன்னாலும் அம்மா நின்று பேசிவிட்டால் பிள்ளையின் கூச்சம் பறந்துவிடும் என்று நினைத்தாள். வழக்கம்போலக் கேள்வி கேட்டாள், வழக்கம்போலக் கையைத் தூக்காத பிள்ளையைப் பார்த்தாள். "உங்க அம்மா வரட்டும்டா கண்ணு" என்றாள். பூச்சி ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருந்தால் சம்மதம் என்று டீச்சர் எடுத்துக்கொண்டாள். அடிப்பாவி, அந்தக் கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டி அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்திருக்கக் கூடாதா!

பூச்சியின் அம்மா இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தேய்த்துக் கழுவிய வாளியும் மக்கும் ஒரு டப்பா பிளீச்சிங் பவுடருமாக வந்தாள். முதலில் வாளியைக் கீழே வைக்காமலே நின்றாள். பிறகு பேச ஆரம்பித்தாள். ஒரு வாளிக்கு எத்தனை மூடி, கூடினால் கை வெந்துபோகும், குறைந்தால் நாற்றம் போகாது என்று கலக்கிக் காட்டினாள். டீச்சர் அதையே கரும்பலகையில் விகிதமாகப் போட்டாள். வெந்த விரல்களைப் பார்க்கப் பிள்ளைகள் முன்னால் வந்து மொய்த்தார்கள்.

"ஒரு தடவை ஒரு பொண்ணு உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு அழுதுச்சு" என்றாள் அம்மா. "பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. நான் வெளிய நின்னு எதையாவது பேசிக்கிட்டே இருந்தேன். கடைசி பஸ் போறதுக்குள்ள வெளிய வந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிச்சு. என் கையை யாரும் பிடிக்க மாட்டாங்க, அது பிடிச்சுது."

வகுப்பே கை தட்டியது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பூச்சி குனிந்த தலை நிமிரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். இந்த வருஷத்திலேயே நல்ல வகுப்பு இதுதான் என்றும் நினைத்தாள்.

மறுநாள் பூச்சி பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்துப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். பின்னால் இருந்த ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். மதியத்துக்குள் பூச்சி, கக்கூஸ் பூச்சியாகிவிட்டாள். கை தட்டிய அதே பிள்ளைகள்தான்! டீச்சர் வாயில் வந்தபடி ஏசினாள். கொத்தனாரின் மகனை எழுப்பி நிற்க வைத்து, "நீயுமாடா?" என்று கேட்டாள். அவள் எதிரில் அடங்கினார்கள், முதுகுக்குப் பின்னால் இரட்டிப்பாக ஆரம்பித்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சில நாளில் பூச்சி வருவது நின்றுவிட்டது.

டீச்சர் வீடு தேடிப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பின்புறம், தகரக் கதவு போட்ட ஒற்றை அறை. வெளியே பூச்சியின் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"வாங்க வாங்க! இவங்கதான் நான் சொன்னேனே, அந்த டீச்சர்" என்று பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துக் காட்டினாள். "நானும் டீச்சர்தான்னு சொன்னா இவ நம்ப மாட்டேங்கிறா. நீங்களே சொல்லுங்க டீச்சர்."

"ஆமாம்மா, ரொம்ப நல்லா நடத்தினாங்க" என்றாள் டீச்சர்.

"நான் போய் நின்னு பாடம் நடத்துறேன், பெத்தது பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது! வயித்து வலியாம். நேத்து நாலு சாத்து சாத்தினேன்."

உள்ளே சுவரோரமாகப் பூச்சி உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னத்தைப் பார்க்க டீச்சருக்குப் பொறுக்கவில்லை. குழாய்வரை என்னோடு வா என்று அவளை அழைத்துக்கொண்டு நடந்தாள்.

"அவங்க பேசுறதை நான் நிறுத்துறேன்டா. எனக்குக் கொஞ்ச நாள் குடு."

பூச்சி தலையாட்டினாள். மறுப்பாகத்தான் ஆட்டினாள். பிறகு அந்தப் பிள்ளை பேசியது. வகுப்பில் ஒரு வருஷமாகப் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசியதுபோல இருந்தது.

"அவங்க சொல்றது எனக்குப் பழகிடும் டீச்சர். அதுக்காக நான் பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கலை. அன்னிலேருந்து அம்மா தினமும் சாயங்காலம் பள்ளிக்கூட கேட்டுக்கு வர்றா. என்னைக் கூப்பிட வர்றேன்னு சொல்லுவா, ஆனா பசங்களைப் பாக்கத்தான் வர்றா. எல்லாரும் அவளுக்கு வணக்கம் சொல்லுவாங்கன்னு. நான் பின்பக்கமா ஓடிப்போய் முன்னாடியே அவளை இழுத்துக்கிட்டு வந்துடுவேன். நான் பள்ளிக்கூடம் வந்தா அவளும் வருவா. அவங்க கூப்பிடுற அந்தப் பேரு ஒரு நாள் அவ காதுல விழுந்துடும்."

"வேற பள்ளிக்கூடத்துல சேர்த்து விடட்டுமா?"

"எதுக்குன்னு அம்மா கேப்பா."

"அந்தப் பசங்களை நான் மாத்திடுவேன். என்னை நம்பு."

"அவங்க மாறுற வரைக்கும் அம்மா காது செவிடா இருக்குமா டீச்சர்?"

பூச்சி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவ ரொம்ப சந்தோஷமா இருக்கா."

டீச்சர் சொல்லவில்லை. அதன் பிறகும் பல தடவை போய்ப் பார்த்தாள், கெஞ்சினாள், கணவரையும் அழைத்துப் போனாள். பூச்சி மசியவில்லை. அடுத்த பருவம் தொடங்குவதற்குள் ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கப் போய்விட்டாள். டீச்சர் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. பெற்றோரை அழைப்பதை அவள் விடவில்லை. ஆனால் இப்போது முதலில் பிள்ளையைத் தனியாக அழைத்து, "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு, எனக்குக் கோபம் வராது" என்று கேட்டுக்கொண்டாள். நிறையப் பேர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இத்தனை பேரா என்று எண்ணிக்கொண்டே அடுத்த பிள்ளையை அழைத்தாள்.

பஸ் நிலையப் பக்கம் போவதைத் தவிர்த்து வந்தாள். அடுத்த வருஷம் ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்க வேண்டியதாகிவிட்டது. கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"டீச்சர்! டீச்சர்!"

பூச்சியின் அம்மா வாளியோடு ஓடிவந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"எம்பொண்ணுக்குப் படிப்பு ஏறலை டீச்சர். அது தலையெழுத்து, நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்கு இருக்கிற ஆசைகூட அதுக்கு இல்லை." வாளியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு நான் நல்லா சொன்னேனா?"

"உங்களை மாதிரி யாரும் சொல்லலைம்மா" என்றாள் டீச்சர். அது சத்தியம்.

"அப்ப இன்னொரு தடவை கூப்பிடுங்க. இந்த வருஷப் பிள்ளைங்க வேறதானே?" பிளீச்சிங்கில் வெந்த கையை ஈரத்தோடு தலைக்கு மேலே தூக்கிச் சிரித்தாள். "பாருங்க, கையைக்கூடத் தூக்கிட்டேன்."

டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். உடனே விட முடியவில்லை, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு, "பஸ் வந்துடுச்சும்மா, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, எதிரில் நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அது அவள் வீட்டுப் பக்கம் போகிற பஸ் இல்லை.