இரண்டு பக்கமும் லாச்சி வைத்த மேசை

அந்த மேசையை முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறந்த கன்றுக்குட்டி மாதிரி நாலு காலையும் அகட்டிக்கொண்டு நின்றது. ஒரு பூவேலை கிடையாது, ஒரு வளைவு கிடையாது. வழவழவென்று தேக்குப் பலகை, கீழே போகப் போக மெலிந்துகொண்டே போகும் கால்கள், நுனியில் பித்தளைப் பூண். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான் என்றார் பழைய சாமான் கடைச் சீனர்.

"இதுல துணி வெட்டுனா காலு முறிஞ்சிரும்," என்றேன்.

என்னோடு வந்தவள் குனிந்து பார்த்தாள். "அக்கா, ரெண்டு பக்கமும் லாச்சி இருக்குலா. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

இழுப்பறையைப் பினாங்கில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மேசை வீட்டுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி அது. ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியை இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, என்னைவிட இளையவள். உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. வாடகை கட்டுப்படியாகாமல் ஒன்று சேர்ந்தவர்கள். சாயங்காலமானால் மேசைக்கு இந்தப் பக்கம் நான் துணி வெட்டுவேன், அந்தப் பக்கம் அவள் நோட்டுத் திருத்துவாள். பிள்ளைகள் எழுதியதை வாசித்துக் காட்டிச் சிரிப்பாள். "சும்மா இருடி, கை தவறுது," என்று நான் எரிந்து விழுவேன். அவள் நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று அதற்கும் விழுவேன். என் வாய் அப்படி.

சரஸ்வதி பூசையன்று மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, என் கத்தரிக்கோலையும் அவள் புத்தகங்களையும் ஒன்றாக அடுக்கிப் பொட்டு வைப்போம். மறுநாள் விஜயதசமிக்கு இருவரும் சேர்ந்து பூசை எடுப்போம். அதுவரை யாரும் எதையும் தொடக்கூடாது. வேலையில்லாத அந்த ஒரு நாள், எதிரெதிரே உட்கார்ந்து கடலை தின்போம்.

அவள் கல்யாணமாகி, கடலுக்கு அக்கரையில் இருக்கும் நிபோங் திபாலுக்குப் போனாள். நல்ல இடம், நல்ல பையன். கல்யாண ரவிக்கையை நானே தைத்தேன். கிளம்பும்போது அழுதபடியே சொன்னாள். "சரஸ்வதி பூசைக்கு வந்துருவேன்க்கா. என் புக்கு எப்பவும் இந்த மேசையிலதான்."

நான் அதை நம்பினேன். அந்த வருஷம் பூசைக்கு மேசையில் பாதி இடத்தை விட்டு வைத்தேன். கத்தரிக்கோல், அளவு நாடா, ஊசிப்பெட்டி எல்லாம் என் பக்கத்தில். அவள் பக்கம் வெறும் வெள்ளைத் துணி. ஒவ்வொரு ஃபெரி வரும் நேரத்துக்கும் சன்னலுக்குப் போய் நின்றேன். அக்கரைத் துறையான பட்டர்வொர்த்திலிருந்து ஊர்ப்பட்ட சனம் வந்தது. அவள் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. ஒரு பூவை எடுத்துவிட்டுக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்திருக்கலாம், அவ்வளவுதான் வேலை. எடுக்க மனசு வரவில்லை. எடுத்துவிட்டால் அவள் இல்லாமல் பூசை முடிந்துவிட்டது என்று ஆகிவிடும். பேருந்து கிடைக்காமல் இருந்திருக்கும், நாளைக்கு வருவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விஜயதசமி போயே போய்விட்டது. பூ வாடியது, பொட்டு காய்ந்து உதிர்ந்தது. தீபாவளித் துணிகள் மூலையில் குவிந்தன.

கீழ்க்கடைக்காரர் மனைவி ஏறி வந்து பார்த்துவிட்டு மலைத்துப் போனார். "என்னக்கா, ஊரே பூசை எடுத்தாச்சு, நீங்க இன்னும் எடுக்கலயா? என் பிளவுஸ் என்னாச்சு?"

"எங்க வீட்டு வழக்கம் வேற," என்று கதவைச் சாத்தினேன். அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. அன்று உட்கார்ந்து அழுதேன். தனிமை என்றால் பேச ஆளில்லாதது என்று நினைத்திருந்தேன். திட்ட ஆளில்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். கையில் துணிப்பை, முகத்தில் புதுச் சதை. மேசையைப் பார்த்தாள்.

"சாரிக்கா. அங்க மாமியார் வீட்டுலயே பெருசா பூசை வச்சாங்க. புக்க அங்கயே வச்சிட்டேன். நீங்க தனியா செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"செஞ்சேன், செஞ்சேன். உக்காரு," என்றேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் கவனிக்கவில்லை. கதவோரம், துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் நுனியில் உட்கார்ந்தாள். பையிலிருந்து சிவப்புப் பட்டுத் துணியை எடுத்து மடியில் விரித்தாள்.

"தீவாளிக்கு முடியுமாக்கா? நெறய வேல இருந்தா பரவால்ல, அங்கயே ஒரு டெய்லர் இருக்காரு."

"குடு," என்றேன். அவள் அளவு எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். துணியை வாங்கி மேசையில் போட்டேன்.

அவள் எழுந்து நின்று, கைகளைச் சற்றே விரித்துக்கொண்டாள். "பழைய அளவு சேராதுக்கா. புதுசா எடுத்துக்கங்க."

வாடிய பூவைத் தள்ளிவிட்டு நாடாவை எடுத்தேன். முன்பின் தெரியாத ஒருத்திக்கு எடுப்பதுபோல, தோளிலிருந்து ஆரம்பித்தேன்.