கம் பேக்

மகளின் சாக்பீஸ் டப்பாவைத் திறந்ததும், சின்ன வயதில் விளாங்குடியில் நான் டியூஷன் படித்த, இப்போது இடித்துவிட்ட அந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையின் வெக்கை முகத்தில் அடித்தது. போர்டில் ‘கம் பேக்’ என்று மிஸ் எழுதினால், அதை வைத்து அவரவர் வீட்டில் நடப்பதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒருத்தியின் அப்பா மில்லிலிருந்து திரும்பி வந்தார், இன்னொருத்தியின் ஆடு திரும்பி வந்தது, அடுத்தது என் முறை. அம்மா கோபித்துக்கொண்டு கொட்டாம்பட்டியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டது அங்கே யாருக்கும் தெரியாது.

“ஏ புள்ள, எந்திரிச்சுச் சொல்லு,” என்றார் மிஸ்.

“மை மதர் வில் கம் பேக் டுமாரோ.”

“கரெக்ட். உக்காரு.”

மிஸ் தப்பாகச் சொல்லமாட்டார் என்று, மறுநாள் இருட்டும்வரை வாசலிலேயே நின்றேன்.