பீரோவில் வைத்த பல் மருந்து

வெளிநாட்டுச் சாமான் என்றால் எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் பீரோவுக்குள்தான் போகும். சென்ட், சோப்பு, கோடாலித் தைலம், எல்லாம் பட்டுப் புடவைக்கு நடுவில்தான் இருக்கும். பிரிக்கவும் மனசு வராது, கொடுக்கவும் மனசு வராது.

என் வீட்டுக்காரர் துபாயிலிருந்து அனுப்பிய பல் வெளுக்கும் டியூபையும் அங்கேதான் வைத்தேன். சிறுவயதிலிருந்தே என் பல்லில் மஞ்சள் கறை. வீடியோ காலில்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பேன். அவர் பங்குனித் திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. வருவதற்கு ஒரு வாரம் முன்னால் பூசிக்கொள்ளலாம், அதற்கு முன் வெளுத்து யார் பார்க்க என்று பொறுத்திருந்தேன்.

பங்குனியில் லீவு கிடைக்கவில்லை. சித்திரை, வைகாசி வெயில் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் பீரோ கொதித்தது. தொட்டால் கை சுடும். ஆனியில், "டிக்கெட்டு போட்டாச்சு, வாரேன்" என்றார். ஓடிப்போய் டியூபை எடுத்தேன். டியூபின் வயிறு உப்பிக் கிடந்தது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று காற்று வந்தது, பிறகு தண்ணீராய் ஒழுகியது. அதையும் விடாமல் நாலு நாள் பூசினேன். கறை அப்படியே இருந்தது.

மருந்துக்கடைக்காரர் டியூபைத் திருப்பிப் பார்த்தார். குளிர்ச்சியில் வைக்கச் சொல்லி எறும்பு எழுத்தில் போட்டிருந்ததாம்.

"சூட்டுல மருந்தோட வீரியம் போயிருச்சுங்க. ஃப்ரிட்ஜுல வச்சிருக்கலாம்ல?"

ஃப்ரிட்ஜில் நான் வைத்தது தோசை மாவும் முந்தாநாள் மீன் குழம்பும். அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வீடியோவில் வந்தார். மருந்து கெட்டுப்போன கதையைச் சொன்னேன். சிரித்தார். அப்புறம் தலையைச் சொறிந்தார்.

"டிக்கெட்டும் தள்ளிப் போயிருச்சு. இன்னொரு டியூபு குடுத்து விடுறேன். இந்தத் தடவ ஃப்ரிட்ஜுல வையி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எதையும் வைக்கச் சொல்லாதீங்க! வச்சு வச்சுத்தான் எல்லாம் வீணாப் போகுது. டியூபு வேணாம், நீங்க வாங்க. ஒங்களப் பாக்கணும்."

கத்தியதில் வாயை மூட மறந்திருந்தேன். நினைவு வந்து கையைத் தூக்கினேன்.

"கைய எடு" என்றார். "கொஞ்ச நேரம் இப்படியே இரு."